முருங்கையடிக் கொட்டில்

அன்பு மகளுக்கு,

பிள்ளைக்கு யோசிக்கிறோம் என்று நேற்று நீ சொன்னதும் அம்மா நேரே சாமி அறைக்குப் போய்விட்டா. நான் பின்வளவில் போய் நின்றேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1990 இல் சண்டையால் இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற பிறகு பட்டரிக்கு இருந்த மதிப்பு தங்கத்துக்கு இல்லை. உள்ளே கொண்டுவரவும் தடை. செத்த கார் பட்டரிகளை உடைத்து, தகடுகளைச் சிரட்டைக் கரியில் உருக்கி, திரும்ப வார்த்துக் கொடுத்தேன். வலைக்கு ஈயக்குண்டும் வார்த்தேன். உருகின ஈயத்தின் மேல் பாலாடை போல ஒரு சாம்பல் நிற ஆடை படரும். அதைக் கரண்டியால் வழித்து முருங்கையடியில் கொட்டுவேன். அந்த மரத்து இலையைத்தான் அம்மா கிழமைக்கு இரண்டு தரம் வறை செய்தா. என் சாரத்தை உதறித் தோய்த்ததும் அவதான்.

உனக்கு முன்னம் ஒன்று மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது. அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டா. ஈயத்தால்தான் என்று இனி ஒருவராலும் சொல்ல ஏலாது. அந்த நாளில் சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனால் ஈயப் புகையும் தூசியும் கருவைக் கலைக்கும், குறைமாதத்தில் பிறக்க வைக்கும் என்று பிறகு படித்தேன். படித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை.

பிறவிக் குறை என்றால் எங்கட சனம் கை காலைத்தான் எண்ணிப் பார்க்கும். ஈயம் கைவைப்பது பெரும்பாலும் மூளையில், வெளியே தெரியாது. இவ்வளவு வரைக்கும் பயமில்லை என்று ஓர் அளவை உலக சுகாதார நிறுவனம்கூடச் சொல்லவில்லை. எலும்பு அதைக் கல்சியம் என்று நம்பிப் பல வருஷம் சேர்த்து வைக்கும். பிள்ளை உண்டாகி, உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கிற நேரம் அதுவும் இரத்தத்தில் இறங்கி, நஞ்சுக்கொடி தாண்டிப் போய்விடும். 1995 இடப்பெயர்வு வரைக்கும் நீ அந்த முருங்கையடி மண்ணில்தான் விளையாடினாய், பிள்ளை.

அதனால் அங்கே டொக்டரிடம் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல். அப்பா பட்டரி உருக்கினவர் என்று வெட்கப்படாமல் சொல். கல்சியம், இரும்புச்சத்து குறையாமல் பார். போலிக் அசிட் நாளுக்கு 400 மைக்ரோகிராம், இப்பவே தொடங்கு. மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுமாம். அனேகம் பேருக்கு உண்டானதே அப்போது தெரியாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் அம்மா சுறா வறை வைக்காமல் விடமாட்டா. சாப்பிடாதே. நிலக்கரிப் புகையோடு மேலே போகும் பாதரசம் கடைசியில் கடலுக்குத்தான் வரும். சின்ன மீனைத் தின்று தின்று பெரிய மீனில் அது கூடும். நெத்தலி, சூடை நான் வாங்கித் தருகிறேன். அம்மாவோடு சண்டையையும் நானே பிடிக்கிறேன்.

இன்னொன்று. பின் ஒழுங்கையில் ஒரு பொடியன் இரவில் பழைய பட்டரி உருக்குகிறான். புகை எங்கட கிணற்றடி வரைக்கும் வருகிறது. போய்க் கதைத்தேன். "அண்ணை, நீங்களும் செய்த தொழில்தானே" என்றான். பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குத் திரும்பவும் போகப் போகிறேன்.

இந்த முறை சாவகச்சேரியில் பெரியம்மா வீட்டில் நில்லுங்கோ. நாங்கள் அங்கே வருகிறோம்.

அப்பா