46 மணி நேரக் கணக்கில் ஓடியவர்களுக்கு

அம்மா உள்ளே கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். நாலு மாதமாக ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் கண்ணயர்ந்தார். படுத்தால் இடுப்பெலும்பில் கடப்பாரையால் குத்துகிற மாதிரி இருக்கும் என்பார், தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பு, இடுப்பு, விலா என்று பல இடங்களில் பரவியிருந்தது. சமாரியம்-153 என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போடலாம் என்று சொன்ன டாக்டருக்கு முதல் நன்றி. "இது நோயைப் போக்காதும்மா, வலியைக் குறைக்கும், அதுவும் எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல முடியாது" என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள் சார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அந்த மரியாதையை நாங்கள் மறக்க மாட்டோம்.

அப்புறம், மும்பை ட்ராம்பேயில் அணு உலையில் இந்தக் கதிரியக்கப் பொருளை உண்டாக்குகிறவர்கள். உங்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. 46 மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடுகிற மருந்து இது, வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அம்மா 52 கிலோ, கிலோவுக்கு ஒரு மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கிற அலகு), வழியில் கரையப்போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அனுப்பியவர், விமானத்தில் ஏற்றியவர், சென்னையில் இறக்கி விடியற்காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த டிரைவர் அண்ணன் என்று யாராவது ஒருவர் அசந்திருந்தாலும் அம்மா இன்னொரு வாரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

கனமான ஈயப் பெட்டிக்குள் ஒரு சின்னக் குப்பி, பார்க்கப் பச்சைத்தண்ணீர்தான். ஊசி போட்டு முடிக்கச் சில நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் தம்பி திரையைக் காட்டினார். பழைய எலும்பு ஸ்கேனில் எங்கெங்கே கறுப்புப் புள்ளி இருந்ததோ அங்கெல்லாம் மருந்து போய் உட்கார்ந்திருந்தது. எலும்பு புதிதாகக் கட்டுகிற இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அதன் பீட்டா கதிர் சில மில்லிமீட்டர்தான் பாயும் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னீர்கள் தம்பி, அம்மா அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் ராத்திரி வலி கூடிவிட்டது. நான் பயந்துபோய் 11 மணிக்குப் போன் பண்ணினேன். "ஆரம்பத்துல இப்படி ஏறித்தான் சிலருக்கு இறங்கும், இருக்கிற மாத்திரையைக் குடு, நான் லைன்லயே இருக்கேன்" என்ற நர்ஸ் அக்கா, உங்கள் குரல் இல்லாமல் அந்த ராத்திரி விடிந்திருக்காது.

அம்மா உடம்பில் கதிர் இருக்கும், பேரப்பிள்ளையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்று சொன்னபோது ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிப்போய்ச் சோறூட்டித் தூங்க வைத்த எதிர்வீட்டு அத்தைக்கும், எட்டு வாரம் வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த லேப் பையனுக்கும் நன்றி. நாலாவது வாரம் ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் இறங்கினபோது எங்களைவிட அவன்தான் அதிகம் கவலைப்பட்டான். அப்புறம் தானாகவே ஏறிவிட்டது.

ஒன்பதாம் நாள் விடியற்காலை அடுக்களையில் சத்தம். அம்மா நின்றுகொண்டு பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு கை மேடையில் ஊன்றியிருந்தது, அவ்வளவுதான்.

வருகிற செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வருகிறோம். அம்மா அதிரசம் சுடப்போகிறாராம், டிபார்ட்மென்ட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்.