நேரத்தோடு இடத்தையும் குறியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். வீரர்களின் உடல்தகுதிச் சோதனைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓட்டம், தாவல் எல்லாவற்றையும் விரிவாக எழுதியவர், நடுவுடம்புக்கு வந்ததும் ‘குப்புறப் படுத்த நிலையில் பிளாங்க் 2 நிமிடம்’ (முழங்கைகளிலும் கால்விரல்களிலும் உடம்பைத் தாங்கி அசையாமல் நிற்பது) என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கால்பந்துப் பயிற்சியாளன் என்பதால் அந்த ஒரு வரி எனக்கு உறுத்தியது. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவதும், காலை வீசிப் பந்தை உதைப்பதும் பக்கவாட்டுத் தசைகளையும் உள்தொடையையும்தான் அதிகம் வாட்டும். கவட்டை வலி என்று வந்து உட்காருகிற பையன்கள் பலர் குப்புறப் பிளாங்கில் அலட்டிக்கொள்ளாமல் நிற்பவர்கள்.

விலாப் பக்கத்துக்குப் பக்கவாட்டுப் பிளாங்க் இருக்கிறது: ஒருக்களித்துப் படுத்து, ஒரு முழங்கையிலும் பாதங்களிலும் உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது. முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் 1999-இல் வெளியிட்ட அளவுகளில், ஆரோக்கியமான இளம் ஆண்கள் சராசரியாக ஒன்றரை நிமிடமும் பெண்கள் ஒன்றேகால் நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. அடுத்தவரோடு ஒப்பிடுவதைவிட அவரவர் இடதையும் வலதையும் ஒப்பிடுவதே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

உள்தொடைக்கு கோப்பன்ஹேகன் பிளாங்க். மேல்காலை பெஞ்சில் வைத்து, கீழ்காலைத் தொங்கவிட்டு, ஒரு முழங்கையில் உடம்பை நேராகத் தூக்கி நிறுத்த வேண்டும். பாரம் முழுக்க மேல்காலின் உள்தொடையில் இறங்கும். பெஞ்சில் இருப்பது முழங்காலா கணுக்காலா என்று கட்டாயம் எழுதிவைக்க வேண்டும். கணுக்கால் என்றால் நெம்புகோல் நீளமாகிவிடும், தாக்குப்பிடிக்கும் நேரம் நன்றாகக் குறைந்துவிடும். இதே அசைவைப் பயிற்சியாகச் செய்த நார்வே கால்பந்து அணிகளில் கவட்டைத் தொந்தரவு 41 சதவீதம் குறைந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது.

சரி, இதில் ஒரு சிக்கல். உள்தொடை தளர்ந்தாலும் இடுப்பு இறங்கும், விலாப் பக்கம் தளர்ந்தாலும் இடுப்பு இறங்கும். ஸ்டாப்வாட்ச்சுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். இடது பின்களத்தில் ஆடும் ஒரு பையன், கோப்பன்ஹேகன் பிளாங்கில் வலது கால் மேலே இருந்தபோது 41 விநாடி, இடது கால் மேலே இருந்தபோது 40 விநாடி நின்றான். ‘சமம்’ என்று நோட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். மூன்று வாரத்தில் இடது கவட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அப்புறம் விசாரித்தபோதுதான் சொன்னான்: வலது காலுக்கு விலாதான் எரிந்ததாம், இடது காலுக்கு உள்தொடை ‘சுருக்கென்று இழுத்ததாம்’. அன்றே கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

இப்போது சாதாரணப் பக்கவாட்டுப் பிளாங்கை முதலில் எடுத்துவிடுகிறேன், பெஞ்சுச் சோதனையை இன்னொரு நாள் வைக்கிறேன். முதலாவதில் 80 விநாடி நின்றவன் பெஞ்சில் 20 விநாடியில் விழுந்தால் சந்தேகம் தொடைமேல்தான். இரண்டிலும் சீக்கிரம் விழுந்தால் முதலில் விலாப் பக்கத்தைப் பார்க்கிறேன். இடுப்பு இரண்டு விரல் அளவு இறங்கினாலே கடிகாரத்தை நிறுத்திவிடுவேன். முகத்தைப் பார்த்தால் பிடிபடாது, பையன்கள் கெட்டிக்காரர்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வதும் கால்விரல் சுருள்வதும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்கெனவே வலி உள்ளவரைப் பெஞ்சில் ஏற்ற வேண்டாம். மல்லாந்து படுக்கவைத்து, கணுக்கால்களுக்கு நடுவே நம் முன்கையைக் கொடுத்து, 5 விநாடி பலமாக நெருக்கச் சொல்லி, வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டாலே போதும். 6 அல்லது அதற்கு மேல் சொன்னால் அன்று ஆட்டம் கிடையாது, நேராக பிசியோதெரபிஸ்ட்.

கட்டுரையோடு ஒரு மாதிரி அட்டவணையும் போட்டிருந்தீர்கள். அடுத்த முறை அதில் ‘நேரம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எங்கே?’ என்று இன்னொரு கட்டமும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்