சிமெண்டைச் சுரண்டுங்கள், சுண்ணாம்பு வையுங்கள்: எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் ஃபேக்டருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஃபேக்டர் நிறுவனத்தாருக்கு,

கிளாஸ்கோவில் நீங்கள் மேற்பார்வை பார்க்கும் டெனமெண்ட் (பழைய கல் அடுக்குவீடு) ஒன்றின் கீழ்க்கடைக்காரன் எழுதுவது. தமிழில் எழுதினால் எப்படிப் படிப்பீர்கள் என்ற கவலை எனக்கு இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஆறு மடல்களையும் நீங்கள் படித்ததாகத் தெரியவில்லை.

விஷயம் தெரிந்ததுதான், கடையின் பின்சுவர். போன வார மழையில் மறுபடி ஊறி, நான்கு அரிசி மூட்டைகள் நனைந்துவிட்டன. மூட்டை போனால் போகட்டும். தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் முறம் நிறைய மஞ்சள் மணல் அள்ளுகிறேனே, அதுதான் தாங்கவில்லை. அது மணல் இல்லை, நம் கட்டடம். விரலால் தடவினாலே கல் உதிர்கிறது.

1890 வாக்கில் டம்ஃப்ரீஸ் பக்கத்துச் சிவப்புக் கல் ரயிலேறி வரும்வரை, கிஃப்னாக் போன்ற பக்கத்துக் குவாரிகளின் வெளிர்மஞ்சள் மணற்கல்லில்தான் இந்த ஊரைக் கட்டினார்கள். நம் கட்டடமும் அந்தக் கல்தான். அது தண்ணீரைக் குடிக்கும், குடித்ததை வெளியே விடவும் செய்யும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புக் கலவையைக் கற்களின் இணைப்பில் வைத்தது, ஈரம் அந்த வழியாக வெளியேறட்டும் என்றுதான். உங்கள் ஆட்கள் அங்கே சிமெண்டை அப்பிவிட்டார்கள். வழி அடைபட்ட ஈரம் கல்லிலேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல்லின் முகத்தையே தள்ளிவிடுகிறது. பழுது பார்க்கிறேன் என்று மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் சிமெண்ட்தான்.

தயவுசெய்து அந்தச் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வையுங்கள்.

என் கடைப் பலகையில் பிளாஸ்டிக் எழுத்து ஒட்டியபோது, "இது பி பிரிவில் பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடம்" என்று நான்கே நாளில் உங்கள் கடிதம் வந்தது. நியாயம்தான், கழற்றிவிட்டேன். பாரம்பரியம் என்பது தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கத்துக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

காசு விஷயமும் அப்படித்தான். 2004-ஆம் ஆண்டு டெனமெண்ட் சட்டப்படி கூரையின் பராமரிப்புச் செலவு பொது, கூரையோரத்தில் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் ரோனின் செலவும் பொது. தரைத்தளத்தில் இருந்துகொண்டு நாலாம் மாடிக் கூரைக்குப் பங்கு கட்டுகிறேன், முணுமுணுக்கவில்லை. ஆனால் அந்த ரோனில் புல் முளைத்திருக்கிறது ஐயா, கீழே நின்றாலே தெரிகிறது! அடைத்த தண்ணீர் வழிவது என் சுவரில்தான். 1915-ல் இதே ஊரின் கோவன் பகுதியில் மேரி பார்பரும் பெண்களும் ஏற்றிய வாடகையைத் தரமாட்டோம் என்று நின்றார்கள், அரசே சட்டம் போட்டு வாடகையை ஏற்றவிடாமல் பழைய அளவிலேயே நிறுத்திவைத்தது. சும்மா நினைவுக்கு வந்தது, சொன்னேன். என் காலாண்டுக் கட்டணம் வழக்கம்போல வந்துவிடும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். ரோனைச் சுத்தம் செய்யுங்கள். சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வையுங்கள். சுண்ணாம்புக்கு உறைபனி ஆகாது என்பதால் குளிருக்கு முன்பே ஆள் அனுப்பினால் நல்லது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கல்தச்சராக அனுப்புங்கள். டீ நான் போட்டுத் தருகிறேன். சிமெண்ட் மூட்டையை மட்டும் வேனிலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கீழ்க்கடைக்காரன்