முகில் ஏன் ரக்பி ஆடுகிறான்

சிட்னி, ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அத்தான் சொன்னார். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், அவள் மறந்துபோவாள்.

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். "அந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் குடித்துவிட்டு ரகளை பண்ணுகிறவர்களாமே, யூடியூப்பில் பார்த்தேன், முகிலை ஏன் அதில் சேர்த்தாய்?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். இங்கே மைதானத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களும் இதையேதான் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு ரக்பி லீக் என்று பெயர். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர்கள் கபடியில் அமுக்குவது மாதிரி பிடித்துக் கீழே தள்ளுவார்கள். ஆறு முறை அப்படி விழுந்தால் பந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். 1895ல் இங்கிலாந்தின் வடக்கே மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள், ஆடப் போனால் சம்பளம் போகிறதே, அதற்கு ஈடு கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்றதால் பிரிந்து வந்த ஆட்டம் இது. சிட்னியில் 1908ல் போட்டி தொடங்கியது. இன்றைக்கும் நாங்கள் இருக்கும் மேற்கு சிட்னிதான் இதற்குத் தாய்வீடு. பெரிய போட்டியான என்.ஆர்.எல்.லில் 17 அணிகள். ஆடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சமோவா, டோங்கா போன்ற பசிபிக் தீவுகளின் வழிவந்தவர்கள் அல்லது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள். பத்தொன்பது, இருபது வயதில் திடீரென்று கைநிறையப் பணம், தெருவில் போனால் செல்ஃபி கேட்கும் கூட்டம்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எண்பதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். பரமட்டா ஈல்ஸ் அணி என்றால் உயிர். காலையில் மாத்திரை கொடுக்கப் போகும்போது டெலிகிராஃப் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து விரித்து, பூதக்கண்ணாடியை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்துக்கொண்டிருப்பார். இங்கே விளையாட்டுச் செய்தி கடைசிப் பக்கத்தில் தொடங்கும். யாராவது ஆட்டக்காரர் வம்பில் மாட்டினால் அன்றைக்கு முதல் பக்கமும் அதேதான். ஒருநாள் அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "முன்னாலும் இவன், பின்னாலும் இவன்" என்றார். 1981ல் ஈல்ஸ் முதல் கோப்பையை ஜெயித்த இரவில் ரசிகர்கள் சொந்த மைதானமான கம்பர்லாண்ட் ஓவலின் பழைய மரக் கேலரியையே கொளுத்திவிட்டார்கள். அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றாராம். "அன்றைக்கு எல்லார் கையிலும் கேமரா இருந்திருந்தால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருக்கும்" என்றார். நான் அதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. பாரில், பார்க்கிங்கில், விமான நிலையத்தில் எடுத்தது எல்லாம் ராத்திரிக்குள் டிவிக்கு வந்துவிடும். அதை அலசுவதற்கென்றே நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இதில் எனக்குப் பெரிய மனக்குறை என்னவென்றால், யாருக்கும் தீங்கு செய்யாத முட்டாள்தனத்துக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குலைத்த காரியத்துக்கும் ஒரே அளவு எழுத்தில் தலைப்பு போடுகிறார்கள்.

டாட் கார்னி என்று ஒருவர். 2010ல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். குடிப்பழக்கத்தால் ஏற்கெனவே இரண்டு கிளப்புகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2014ல் ஒரு கழிப்பறையில் அவர் விளையாட்டாகச் செய்த அருவருப்பான காரியத்தின் படம் இணையத்தில் பரவியது. பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் அதனால் வேறு யாருக்கும் அடிபடவில்லை, யாரையும் அவர் மிரட்டவும் இல்லை. உடனே கிளப் அவரை நீக்கியது. அவர் பிறகு பிரான்ஸில் போய் ஆடினார். குடி ஒரு நோய், அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி கிடைத்தது என்று கேட்டவர்களைவிட அந்தப் படத்தை வைத்துச் சிரித்தவர்கள்தான் அதிகம். பல அணிகளின் சட்டையில் பீர் கம்பெனி பெயர் இருந்திருக்கிறது; குயின்ஸ்லாந்து மாநில அணியின் சட்டையில் பல வருடங்கள் பீர் பெயர்தான் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பற்றி அந்த நாலு பேர் நிகழ்ச்சியில் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்னொன்று 2023 பிப்ரவரியில் கான்பெராவில் நடந்தது. லட்ரெல் மிட்செல், ஜாக் வைட்டன் என்று இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள், இருவரும் பூர்வகுடியினர். வைட்டனின் முப்பதாவது பிறந்தநாளுக்காக வெளியே போனவர்களைப் போலீஸ் ஒரு நைட்கிளப்புக்கு வெளியே கைது செய்தது. மிட்செலைத் தரையில் அமுக்கி விலங்கு மாட்டும் வீடியோ நாடு முழுவதும் ஓடியது. ஆகஸ்டில் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சி சொன்ன போலீஸ் அதிகாரி, மிட்செலைப் பற்றித் தான் சொன்ன ஒரு விவரம் சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பேர் மீதும் இருந்த குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு கைவிட்டது. அந்தச் செய்தியும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் மிட்செல் பெயரைத் தேடினால் கண்ணில் படுவது அந்த விலங்கு மாட்டிய காட்சி. ஆறு மாதம் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் ஆட்டக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. பத்திரிகைக்காரர்கள் இல்லாவிட்டால் சில விஷயங்கள் வெளியே வந்தே இருக்காது. 2009 மே மாதம் ஏபிசி சேனலின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சியில் நியூசிலாந்துப் பெண் ஒருவர் பேசினார். 2002ல், அவருக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது, கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு ஹோட்டல் அறையில் கிரோனுல்லா அணிக்காரர்கள் பலர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தையும், அந்த இரவு தன்னை எப்படி உருக்குலைத்தது என்பதையும் சொன்னார். போலீஸ் அப்போதே விசாரித்து யார் மீதும் வழக்குப் போடவில்லை. சட்டம் அதோடு முடித்துவிட்டது. ஆனால் நிகழ்ச்சியைப் பார்த்த நாடு, 'சட்டப்படி குற்றமில்லை என்றால் சரியாகிவிடுமா?' என்று முதல்முறையாகச் சத்தமாகக் கேட்டது. அதில் பெயர் வந்த, டிவி நட்சத்திரமாகிவிட்ட முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரை அவருடைய சேனல் விலக்கியது. அடுத்த வருடமே வேறு சேனலில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி வந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து, அவர் சொன்னதையே சந்தேகிக்கும்படி பேட்டி போட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண் புகார் கொடுத்தால் அவளுடைய துணிமணியைப் பற்றிப் பேசுவார்களே, கடல் தாண்டி வந்தும் அதுதான்.

2004ல் காஃப்ஸ் ஹார்பர் என்ற ஊரில் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் புல்டாக்ஸ் அணிக்காரர்கள் மீது பெரிய புகார் வந்து, கடைசியில் வழக்கில்லை என்று முடிந்தது. அந்தச் சமயத்தில் வந்த செய்திகளின் அழுத்தத்தில்தான், போட்டியை நடத்தும் லீக் நிர்வாகம், கேத்தரின் லம்பி என்ற பேராசிரியரை அழைத்து, ஆட்டக்காரர்களுக்குப் பெண்களோடு நடந்துகொள்ளும் முறையைப் பற்றி வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்தது. இது நல்ல பலன். நான் இதை எல்லோரிடமும் சொல்வேன்.

யார் எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், அக்கா. டெலிகிராஃப் பேப்பரை நடத்தும் ஊடக முதலாளி முர்டாக்கின் நியூஸ் நிறுவனம் 1998லிருந்து 2012 வரை இந்த லீக்கிலேயே பாதிப் பங்கு வைத்திருந்தது. ஆட்டத்தைக் காட்டும் சேனல் நைன்தான் 2018 கடைசியிலிருந்து சிட்னி மார்னிங் ஹெரால்டின் முதலாளி. ஆட்டத்தை விற்பதும் இவர்கள், ஆட்டக்காரனின் வீழ்ச்சியை விற்பதும் இவர்கள். தனியாக நேர்மையாக எழுதும் நிருபர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் தேடிப் பிடித்துப் படிக்கிறேன். ஆனால் மார்ச் முதல் அக்டோபர் வரை தினமும் பக்கத்தை நிரப்ப வேண்டும் என்றால் ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா? 2023ல் சம்பள ஒப்பந்தச் சண்டையில் ஆட்டக்காரர்கள் கையில் எடுத்த ஆயுதம், ஆட்டம் நடக்கும் நாளில் பேட்டி கொடுக்க மாட்டோம் என்பதுதான். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2019ல் வந்த ஒரு விதி எனக்குச் சரியாகப் படுகிறது. பதினொரு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு பதிவானால், தீர்ப்பு வரும்வரை ஆட்டக்காரர் முழுச் சம்பளத்தோடு ஒதுங்கி இருக்க வேண்டும். அதுவரை பேப்பரின் சத்தத்தைப் பொறுத்துக் கிளப்புகள் முடிவெடுத்தன. இந்த விதி முதலில் ஜாக் டி பெலின் மேல் விழுந்தது. ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு, அவர் மறுத்தார். விதியை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரியால் முழுமையாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 2021ல் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட, அவர் மறுபடி ஆட வந்தார். இரண்டரை வருடம் போய்விட்டதே என்று அவருக்காகப் பேசியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. புகார் கொடுத்த பெண்ணும் அதே இரண்டரை வருடம் காத்திருந்தார். அதை யாராவது கணக்கில் எடுத்தார்களா என்று பார்த்தேன், மிகக் கொஞ்சம்.

2024 அக்டோபரில் பிரிஸ்பேன் அணியின் எஸ்ரா மேம் லைசென்ஸ் இல்லாமல், உடம்பில் போதைப்பொருளோடு வண்டி ஓட்டி ஒரு வாடகைக் காரில் மோதினார். அதில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்கு அடிபட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், கோர்ட் 850 டாலர் அபராதம் போட்டது, லீக் 9 ஆட்டங்களுக்குத் தடை போட்டது. அப்புறம் நான் கேட்ட பேச்செல்லாம், அவர் எந்த வாரம் திரும்புவார், அவர் இடத்தில் யார் ஆடுவார் என்பதுதான். அந்தக் குழந்தை இப்போது நன்றாக நடக்கிறாளா? ஒரு அம்மாவாக எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஆட்டக்காரனைத் துரத்தும் கேமரா ஒருமுறையாவது அடிபட்டவர் பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பாதவரை எவ்வளவு எழுதினாலும் அது கண்காணிப்பு ஆகாது.

பக்கத்து வீட்டு சமோவாக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, பொங்கலுக்கு வந்து நம் கரும்பை ஆசையாகத் தின்றாரே, அவர்தான். அவருடைய மூத்தவன் நன்றாக ஆடுவான், பெரிய கிளப்புகள் கண் வைத்திருக்கின்றன. ஏதாவது தீவுக்காரப் பையன் பேப்பரில் வந்துவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இவர் முகமே வாடிவிடும். "அவன் யாரோ, நாங்கள் யாரோ. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என் மகனை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்" என்றார். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் தப்பு செய்தால் அது அவனோடு போய்விடுகிறது. இதை நான் இங்கே வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

சரி, முகில் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஆடட்டும் என்றுதான் நானும் அவன் அப்பாவும் முடிவு செய்திருக்கிறோம். அவனுடைய பயிற்சியாளர் ஒரு பிளம்பர், சனிக்கிழமை காலை ஆறரைக்கே வந்து மைதானத்தில் தனியாகக் கோடு போடுவார். போன மாதம் எதிரணிப் பையனின் அம்மாவைப் பற்றி எங்கள் பையன் ஒருவன் அசிங்கமாகப் பேசினான். நடுவர் காதில் அது விழவில்லை, கேமராவும் இல்லை. ஆனால் பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிட்டு, அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தார், மீதி ஆட்டம் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்தார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம், தோற்றோம். எனக்கு அந்த மனிதர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அடிபடுமே என்ற பயம் எனக்கும் உண்டு. தலையில் அடிபட்டால் உடனே வெளியே எடுத்துவிடுகிறார்கள், டாக்டர் சரி என்று சொல்லாமல் திரும்ப விட மாட்டார்கள்.

நீ கேட்ட வீடியோவை அனுப்புகிறேன், அவன் பந்தை வைத்து ஓடுவது அத்தானுக்குப் பிடிக்கும். ஒன்றே ஒன்று, அதை ஸ்டேட்டஸில் வைக்காதே. அதில் மற்றவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கீழே விழுந்து அழுகிற பையன் ஒருவனும் இருக்கிறான். அவன் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. நீயும் அத்தானும் அம்மாவும் பாருங்கள், போதும்.

அம்மாவின் அடுத்த செக்கப் எப்போது என்று எழுது, நான் லீவு போடப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை