பி.எட். பயிற்சியில் வகுப்பறை உற்றுநோக்கல் வெறும் பதிவேடாகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு பி.எட். படிப்பில் சேரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் பலர் உள்ளனர். இந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன். கல்லூரியில் அவர்கள் படிக்கும் பாடத்துக்கும் பள்ளியில் அவர்கள் பார்க்க வேண்டிய வகுப்பறைக்கும் இடையே தொடர்பு அறுந்து கிடப்பது குறித்துத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டுகளாக்கியபோது, பள்ளிப் பயிற்சிக்கு முதலாண்டில் 4 வாரங்களும் இரண்டாம் ஆண்டில் 16 வாரங்களுமாக மொத்தம் 20 வாரங்களை ஒதுக்கின. தொடக்கத்தில் ஒரு வாரம், வழக்கமான ஆசிரியர் நடத்தும் வழக்கமான வகுப்பை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும் என்பதும், பயிற்சி மாணவர்கள் ஒருவர் நடத்தும் பாடத்தை மற்றவர் கவனிக்க வேண்டும் என்பதும் அவ்விதிமுறைகளிலேயே உள்ளன. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சி மாணவி பள்ளிக்கு வந்த மறுநாளே, விடுப்பில் சென்ற ஆசிரியரின் பாடவேளைகள் அவர் தலையில் விழுகின்றன. அவர் உற்றுநோக்க வேண்டிய ஆசிரியரோ விடைத்தாள் கட்டுடன் ஆசிரியர் அறைக்குப் போய்விடுகிறார். (இதற்காக ஆசிரியர்களை மட்டும் நான் குறை கூற மாட்டேன். ஆள் பற்றாத பள்ளியில், தேடி வந்த ஆளைச் சும்மா உட்கார வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?) வாரக் கடைசியில் மூத்த மாணவர்களின் உற்றுநோக்கல் பதிவேட்டை வாங்கிப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். ‘வகுப்புக் கட்டுப்பாடு நன்று, கரும்பலகைப் பயன்பாடு சிறப்பு, மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வரிகளை, வகுப்பும் பாடமும் ஆசிரியரும் மாறினாலும் தாம் மாறாதவையாக, எத்தனையோ பதிவேடுகளில் படித்திருக்கிறேன்.

எப்படி உற்றுநோக்குவது என்பதைப் பாடத்திட்டம் சொல்லவில்லை என்றும் கூற முடியாது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் நெட் ஃபிளாண்டர்ஸ் வகுத்த வகுப்பறை இடைவினைப் பகுப்பாய்வு முறை நம் நாட்டின் பி.எட். மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. வகுப்பில் நடப்பதை 3 நொடிகளுக்கு ஒருமுறை ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். மொத்தம் 10 வகைகள். அவற்றில் 7 ஆசிரியர் பேச்சுக்கும் 2 மாணவர் பேச்சுக்கும் உரியவை. கடைசி வகை மௌனம் அல்லது குழப்பம். தேர்வில் இந்தப் பத்தையும் வரிசை பிசகாமல் எழுதுபவர்கள், உண்மையான வகுப்பில் பத்து நிமிடமாவது குறித்துப் பார்ப்பது அரிது. குறித்துப் பார்த்தால் அந்தப் பத்தாம் வகைதான் முதலில் கண்ணில் படும். கன்னட வழிப் பள்ளியொன்றின் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் தமிழும் தெலுங்கும் உருதும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருக்க, ஆங்கிலக் கவிதையின் ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியர் கன்னடத்தில் பொருள் சொல்லிக்கொண்டே போக, அதைப் பிடித்துக்கொண்ட ஒரு சிறுமி, பிடிபடாமல் விழிக்கும் பக்கத்துச் சிறுமிக்குத் தமிழில் கிசுகிசுக்கிறாள். ஃபிளாண்டர்ஸின் கணக்கில் அது குழப்பத்தில்தான் சேரும். ஆங்கில ஆசிரியராகப் போகிறவருக்கோ அந்தப் பாடவேளையில் கிடைக்கும் முதன்மையான செய்தி அதுதான்: யாருக்குப் புரிந்தது, யாருக்கு அடுத்தவர் துணையின்றிப் புரியவில்லை, எந்த வரியில் தடை ஏற்பட்டது என்பனவெல்லாம் அந்தக் கிசுகிசுப்பில் இருக்கின்றன.

உற்றுநோக்கல் என்றதும் ஆசிரியரைப் பார்ப்பது என்றே நம் கல்லூரிகள் பொருள் கொண்டுவிட்டன. ஆசிரியரைத்தான் இம்மாணவர்கள் முதல் வகுப்பிலிருந்தே பார்த்து வந்திருக்கிறார்களே! மாணவராக இருந்தபோது அவர்களால் பார்க்க முடியாமல் போனது மற்ற மாணவர்களை. ஆகவே கடைசி பெஞ்சில் அமர்ந்து, தாமாக வாய் திறப்பவர் யார், கூட்டமாகச் சொல்லும் பதிலுக்குள் வெறுமனே உதட்டை அசைப்பவர் யார், வினா விடையைச் சொல்லி எழுத வைக்கும்போது எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைபவர் யார் என்று குறிக்கப் பழக்க வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்பதையும், 3 நொடி காத்திருந்தாலே மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்புகளை. பதிலையும் யோசித்து, அதைச் சொல்ல ஆங்கில வாக்கியத்தையும் கட்டியாக வேண்டிய பிள்ளைக்கு அந்த 3 நொடிகூடப் போதாது என்பது என் எண்ணம்.

வகுப்பறையைப் பார்த்துப் பாடத்திட்டத்தை அமைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் ஊரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்ட ‘பெங்களூர் புராஜெக்ட்’, ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபுவின் தலைமையில் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் பள்ளிகளில் நடந்தது. இலக்கணத்தை வரிசைப்படுத்தி நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் படித்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற பணிகளின் வழியே ஆங்கிலத்தைப் பழக்கினார்கள். ஒரு பணியை முதலில் வகுப்பு முழுவதுடனும் சேர்ந்து பேசிச் செய்துவிட்டு, அதேபோன்ற இன்னொன்றை மாணவர்கள் தனித்தனியே செய்யவேண்டும். ஏறத்தாழப் பாதி மாணவர்களாவது பாதி அளவுக்காவது சரியாகச் செய்தால்தான் அப்பணி அந்த வகுப்புக்கு ஏற்ற கடினம் உடையது என்று கொண்டார்கள். எந்தப் பணி அடுத்து வரவேண்டும் என்பதை முடிவு செய்ததே வகுப்பில் நடந்ததைக் கவனித்துத்தான். அம்முயற்சியைப் பற்றிப் பிற்காலத்தில் மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. ஆயினும் அது நடந்த ஊரிலேயே ஆங்கில ஆசிரியர் பயிற்சி பெறுபவர், அதை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் அறிந்து வெளியேறுவது எனக்கு வருத்தம் அளிக்கிறது.

கல்லூரிகள் செய்யவேண்டியது பெரிய காரியமன்று. உற்றுநோக்கும் வாரத்தில் மாணவர்கள் வாரம் முடியும்வரை ஒரே பிரிவின் வகுப்பைப் பார்க்கட்டும். அந்தக் குறிப்புகளை ஆங்கிலக் கற்பித்தல் முறைப் பேராசிரியர் அடுத்த வகுப்பில் மேசைமேல் வைத்து, அன்றைய பாடத்தையே அவற்றிலிருந்து தொடங்கட்டும். எல்லாப் பாடங்களிலும் மொழிக்குள்ள பங்கைப் பற்றி ‘பாடத்திட்டம் முழுவதிலும் மொழி’ என்று பி.எட். படிப்பில் ஒரு தாள் இருக்கிறது; அதற்காக அதே பிரிவின் அறிவியல், சமூக அறிவியல் வகுப்புகளிலும் ஒருநாள் போய் உட்காரச் சொல்லலாம். ஆங்கிலப் பாடவேளையில் ஊமையாக இருக்கும் பிள்ளை அங்கே கையைத் தூக்குவதைக் காணும்போது, குறை பிள்ளையிடம் இல்லை என்பது பயிற்சி மாணவருக்கே விளங்கும். சக மாணவர் உற்றுநோக்கலில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அங்கே மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னால் போதும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பை முன்வைப்பதோடு, நான்காண்டுப் பட்டமோ முதுகலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட். படிப்புக்கும் இடமளிக்கிறது. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்த நம் பிள்ளைகள் பலர் அந்த ஓராண்டுப் படிப்பையே விரும்புவர். காலம் பாதியாகும்போது, தேர்வு நடத்த முடியாத பகுதிதான் முதலில் வெட்டுப்படும் என்பது என் அச்சம். எனவே பல்கலைக்கழகங்கள் உற்றுநோக்கும் வாரத்தைக் குறைக்காமல் பாதுகாக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் துணை இயக்குநர் அலுவலகங்களும், அந்த வாரத்தில் பயிற்சி மாணவர்களுக்கு மாற்று ஆசிரியர் பாடவேளை தரலாகாது என்று தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன்; பயிற்சிக் காலம் தொடங்குமுன் அது பள்ளிகளுக்குக் கிடைத்துவிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு.