அசல் பாக்கி எவ்வளவு?

பாலக்கோடு,
14-12-2025

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் மல்பெரிக்குத் தண்ணீர் விட விடியற்காலையிலேயே போய்விடுகிறார். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கணக்கு காதில் நிற்காது, தாளில்தான் நிற்கும். அதனால்தான் கடிதம். "பிள்ளை வீட்டு வரவு செலவில் உனக்கு என்ன வேலை?" என்று அப்பா கேட்கிறார். இருபத்தெட்டு வருடம் சத்துணவு மையத்தில் இருப்புப் பதிவேடு எழுதிய கை, சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

தீபாவளிக்கு வந்து பத்து நாள் இருந்தேன் அல்லவா, அப்போது நீ மேசையில் வைத்துவிட்டுப் போன வங்கிக் கணக்குத் தாளைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. 30 லட்சம் கடன், 20 வருடம், மாதம் 26,035 ரூபாய். ஓசூரில் சொந்த வீடு என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவள்தான் நான். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது தவணை கட்டிவிட்டாய், ஏழு லட்சத்து எண்பதாயிரம். அசல் இரண்டு லட்சம்கூடக் குறையவில்லை. முதல் மாதத் தவணையில் 21,250 வட்டிக்கே போயிருக்கிறது, அசலுக்குப் போனது 4,785.

இது ஏமாற்று வேலை இல்லை, கடனின் கணக்கே அப்படித்தான். பாக்கி பெரிதாக இருக்கும் வரை வட்டியும் பெரிதாக இருக்கும், தவணையில் முக்கால் பங்கை அதுவே தின்றுவிடும். ஆகவே இந்த முதல் சில வருடங்களில் அசலில் விழுகிற ஒவ்வொரு ஆயிரமும் பின்னால் வரப்போகிற பல வருட வட்டியை வெட்டிவிடும். பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ எடுத்தபோது இருந்த எட்டரை சதவீதத்துக்கே, முதல் மாதத்திலிருந்து 3,000 சேர்த்துக் கட்டியிருந்தால் கடன் பதினைந்தரை வருடத்தில் முடியும். மொத்த வட்டி முப்பத்திரண்டரை லட்சத்திலிருந்து இருபத்துநாலு லட்சம் சொச்சத்துக்கு இறங்கும். நீ இப்போது தொடங்கினால் இதில் கொஞ்சம் குறையும்தான். குறைந்தாலும் சில லட்சம் கண்ணு, சில நூறு இல்லை.

சரி, அந்த மூவாயிரத்துக்கு எங்கே போவது?

உன் கரண்ட் அட்டையைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 560 யூனிட். நம் மாநிலத்தில் முதல் நூறு இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும் என்பது உனக்குத் தெரியும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் அதற்கு மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, இரண்டாவது நூறுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். ஆகவே அந்த அறுபது யூனிட்தான் உன் பில்லிலேயே விலை உயர்ந்த அறுபது. அது எங்கிருந்து வருகிறது என்று நான் அங்கே இருந்த பத்து நாளும் பார்த்தேன். கீசர்தான். காலை ஐந்தரைக்குப் போட்டால் கடைசி ஆள் குளித்து முடிக்கிற எட்டரை வரை சிவப்பு விளக்கு எரிகிறது. இரண்டு கிலோவாட் கீசர் ஒரு மணி நேரம் சூடேற்றினால் இரண்டு யூனிட். ஓசூர்க் குளிருக்கு வெந்நீர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், மார்கழி வேறு பிறக்கப்போகிறது. வரிசையாகக் குளியுங்கள், ஷவரை விட்டுவிட்டு வாளியில் பிடியுங்கள், முடிந்ததும் சுவிட்சை அணையுங்கள். தினமும் ஒரு யூனிட் குறைந்தாலே போதும், 500-க்குள் வந்துவிடுவாய்.

விசிறியை எல்லாம் மாற்றப்போவதாக நீ சொன்னாயே, அந்த பி.எல்.டி.சி. விசிறி. பழைய விசிறி 75 வாட் என்றால் அது 30 வாட் சுற்றில்தான் இழுக்கும், உண்மைதான். தர்மபுரி வெயிலுக்கு உடனே வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் விசிறியே போடுவதில்லை. ஓடுகிறதைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்குவது சிக்கனம் இல்லை. பழுதாகும்போது மாற்று.

அடுத்தது சாப்பாடு. வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடு பொட்டலத்தில் வருகிறது. இதை மருமகள் தலையில் கட்டாதே. அவளும் உன்னைப்போல ஏழரைக்குத்தான் வீடு திரும்புகிறாள், வெங்காயம் உரிக்க உனக்கும் கை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போய் வாரத்துக்கான காய் வாங்கி வந்துவிடு. நம் பாலக்கோடு மண்டியிலிருந்து போகிற தக்காளியை நீ ஆப்பில் விலை ஏற்றி வாங்குகிறாய் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. ராகி மாவும் கொள்ளும் நான் அனுப்புகிறேன். களி கிண்ட இருபது நிமிஷம் போதும், கொள்ளு ரசம் வைத்தால் பாப்பாவும் குடிக்கிறாள். மூன்று நாளை ஒரு நாளாக்கு. அந்த ஒரு நாளை விட்டுவிடச் சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு ராத்திரி அடுப்படிக்கு லீவு விட்டால்தான் மற்ற ராத்திரி சமைக்க மனசு வரும்.

டி.வி.க்கு நான்கு ஆப் சந்தா போகிறது, கேபிளும் தனியாக இருக்கிறது. பத்து நாளில் அந்த டி.வி.யில் ஓடியது பாப்பாவின் கார்ட்டூன்தான். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கேஸில் பெரிதாக மிச்சம் வராது. பருப்பை ஊறவைத்துப் போடு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறை, அவ்வளவுதான். புளி, மிளகாய், துவரம்பருப்பு மூன்றையும் சீசனில் வருடத்துக்கு ஒட்டுக்கா வாங்கி வைத்துக்கொள்ளலாம். புளி நம் வீட்டிலேயே இருக்கிறது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கை வைக்காதே. பாப்பாவின் பால் ஒன்று, குடிக்கிற தண்ணீர் இன்னொன்று. மாதம் எத்தனை தண்ணீர் கேன் ஆகிறது என்று நீ எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். போர் தண்ணீரைக் குடித்து அதை மிச்சம் பிடிக்க நினைக்காதே. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்ததால் எத்தனை பிள்ளைகளின் பல் மஞ்சளும் பழுப்புமாகப் போனது என்பதை என் மையத்து வரிசையிலேயே பார்த்தவள் நான். 2013-இல் ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகுதான் நிம்மதி.

இப்போது நான் நிஜமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மிச்சம் பிடித்த பணம் சும்மா கிடக்காது. கணக்கில் மூவாயிரம் கூடுதலாக இருந்தால், பத்து நாளில் அதற்கு ஒரு செருப்போ ஒரு கல்யாண மொய்யோ வந்து நிற்கும். தவணை போகிற அதே 5-ஆம் தேதி அந்த மூவாயிரமும் போய்விட வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால்தான் வாங்குவோம் என்று வங்கியில் சொன்னால், மூன்று மாதம் தனிக் கணக்கில் சேர்த்துக் கட்டு. உன்னுடையது மாறும் வட்டிக் கடன், அதை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. 2012-லேயே ரிசர்வ் வங்கி அதை எடுத்துவிட்டது.

கட்டும்போது ஒன்றைக் கவனி. நாம் இந்த வீட்டுக்குக் கடன் வாங்கியது 1996-இல், நீ பால்வாடிக்குப் போன வருடம். அறுபதாயிரம், பதினைந்து வருடம், மாதம் எண்ணூறு. ஒவ்வொரு தடவை பட்டுக்கூடு தர்மபுரி அங்காடிக்குப் போய் விற்றுப் பணம் வந்ததும், மளிகைக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஐநூறு எடுத்துக்கொண்டு போய்க் கட்டுவேன். வருடத்தில் ஐந்து முறை. ஒன்றேகால் வருடம் இப்படிக் கட்டிவிட்டு ஒருநாள் பேரேட்டைக் காட்டச் சொன்னேன். நான் கொடுத்ததை எல்லாம் அவர்கள் அசலில் கழிக்கவே இல்லை. "முன்பணத் தவணை" என்று எழுதி, வரப்போகிற மாதங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வட்டி ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. "தவணையை ஒழுங்காகக் கட்டினால் போதும்மா, எதுக்கு இந்த அவசரம்?" என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டார். நான் அங்கேயே நின்று, அசலில் வரவு வைத்து ரசீது போடச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். கஞ்சி குடிக்காமல் மதியம் மூன்று மணி வரை நின்றது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

உனக்கு ஆப் வந்துவிட்டது, எழுத்தர் இல்லை. ஆனாலும் அதே குழிதான். கணக்கில் பணத்தைப் போட்டு வைத்தால் அது அசலில் கழியாது. பகுதி முன்செலுத்தல் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்டால் காலத்தைக் குறை. வட்டி இறங்கும்போதும் இதேதான். இந்த வருடம் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கிற வட்டியை, நான்கு தடவையாக 6.50-இலிருந்து 5.25-க்கு இறக்கியிருக்கிறது, கடைசியாக இந்த மாதம் 5-ஆம் தேதி. உன் கடனுக்கு அது முழுசாக வந்து சேர்ந்ததா என்று கேள். "தவணையைக் குறைத்துத் தருகிறோம்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல், பழைய 26,035-ஐயே கட்டு.

வரிச் சலுகை போய்விடுமே என்று நீ அன்றைக்குச் சொன்னாய். உன் சித்தப்பாவிடம் கேட்டேன். நீ புதிய முறையில்தானே வரி கட்டுகிறாய், குடியிருக்கிற வீட்டின் வட்டிக்கு அதில் கழிவே இல்லையாம். பழைய முறையில்தான் 2 லட்சம் வரை உண்டு. இல்லாத சலுகைக்காகக் கடனைக் கட்டிக்கொண்டு அழாதே.

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், இது உன்னிடம் இதுவரை சொல்லாதது. கடனை அடைக்கிற வெறியில் 2001-இல் கையில் இருந்ததை எல்லாம் கொண்டுபோய் அசலில் போட்டுவிட்டேன். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. அடுத்த மாதமே பட்டுப்புழுவுக்குப் பால்புழு நோய் வந்தது. கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் விடவேண்டிய புழு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். அடுத்த பயிருக்கு முட்டை வாங்கக்கூடக் காசு இல்லை. மூணு வட்டிக்குக் கடன் வாங்கினோம். வருடத்துக்கு முப்பத்தாறு சதவீதம்! பதினாலு சதவீதக் கடனைக் குறைக்கப் போய் முப்பத்தாறில் மாட்டிக்கொண்டேன். என் தோடு அப்போது போனதுதான். காதில் வலி, அதனால் கழற்றிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? கடைசியில் வீட்டுக் கடன் பத்தாம் வருடம் முடிந்தது. அந்தத் தப்பு இல்லாவிட்டால் ஒன்பதிலேயே முடிந்திருக்கும்.

அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டு, அதற்கு மேலே இருப்பதைக் கட்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை இன்றைக்கு இருக்கிறது. நாளைக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போவார்கள் என்று என்னைவிட உனக்குத் தெரியும். போனஸ் வந்தால் மட்டும் பாதியை யோசிக்காமல் அசலில் போடு. மீதிப் பாதியில் மருமகளுக்கு ஒரு பட்டுப்புடவை எடு, வீடு வாங்கியதிலிருந்து அவள் தனக்கென்று எதுவும் வாங்கியதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை ராயக்கோட்டை வழியாகப் போகிற காலை பஸ்ஸில் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். ராகி மாவு ஐந்து கிலோ, கொள்ளு, புளி இருக்கும். புளியை ஒருநாள் வெயிலில் காயவைத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைக்கச் சொல். போன தடவை அனுப்பிய எவர்சில்வர் தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

ஜனவரி 5-ஆம் தேதி கட்டிய பிறகு அசல் பாக்கி எவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணை எனக்கு அனுப்பு. நோட்டில் உனக்கென்று ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா