பறிக்கப்பட்ட வெற்றி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தல்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், 2004இல் வாஷிங்டன் மாநிலத்தில் இருமுறை முந்திய குடியரசுக் கட்சியின் டினோ ரோசியிடமிருந்து மூன்றாம் எண்ணிக்கையில் வெற்றி பறிக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே இதை எழுதுகிறேன். (அங்கே ஆளுநர் நியமனப் பதவியில் இருப்பவர் அல்லர், நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். கட்டுரை இதையும் விளக்கியிருக்கலாம்.)

ஏறக்குறைய 28 லட்சம் வாக்குகள் பதிவான அத்தேர்தலில் ரோசி முதலில் 261 வாக்குகளும், இயந்திர மறு எண்ணிக்கையில் 42 வாக்குகளும் முன்னிலை பெற்றார். ஜனநாயகக் கட்சி சட்டப்படி முன்பணம் கட்டிக் கோரிய கை எண்ணிக்கையில்தான் அக்கட்சியின் வேட்பாளர் கிறிஸ்டின் கிரெகோயர் 129 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இடையில் நடந்ததைக் கட்டுரை சொல்லவில்லை. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), வாக்காளர்களின் கையொப்பம் கணினியில் ஏற்றப்படாமல் இருந்ததால், எழுநூறுக்கும் மேற்பட்ட தபால் வாக்குகளை ஊழியர்கள் தவறாகத் தள்ளிவைத்திருந்தார்கள். அந்தக் கவுண்டி மன்றத்தின் உறுப்பினர் லாரி பிலிப்ஸ், தள்ளுபடியானவர்களின் பட்டியலில் தம் பெயரையே கண்ட பிறகுதான் பிழை வெளிவந்தது. அவற்றை எண்ணலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவற்றைச் சேர்ப்பதற்கு முன்பே, கையால் எண்ணிய கணக்கில் கிரெகோயர் பத்து வாக்கு அளவில் முந்தியிருந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும். முடிவுக்குச் சான்றளித்த மாநிலச் செயலர் சாம் ரீட், ரோசியின் கட்சியைச் சேர்ந்தவர்.

குடியரசுக் கட்சியினர், தங்களுக்குச் சாதகமான பகுதி என்று கருதப்பட்ட செலான் கவுண்டியில் வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட செல்லாத வாக்குகள் பதிவானதை ஏற்றுக்கொண்டார். தேர்தல் அலுவலகத்தின் அலட்சியத்தையும் கண்டித்தார். ஆனால் அந்த வாக்குகள் கிரெகோயருக்கே விழுந்தன என்பதற்குச் சான்று இல்லையென்று 2005 ஜூனில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ரோசி மேல்முறையீடு செய்யவில்லை.

கட்சிகளின் வேட்பாளர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'பிரைமரி' எனப்படும் முதற்கட்டத் தேர்தல் அவ்வாண்டு நடந்ததையும் கட்டுரை தொடவே இல்லை. கிரெகோயரிடம் அதில் தோற்ற ரான் சிம்ஸ்தான் அப்போது கிங் கவுண்டியின் நிர்வாகத் தலைவராக இருந்தார்; அந்தக் கவுண்டி கிரெகோயருக்குச் சாதகமாக நடந்தது என்று ஐயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக, பிரைமரியில் ஒவ்வொரு பதவிக்கும் தாம் விரும்பிய எந்தக் கட்சியாரையும் தேர்ந்தெடுத்துவந்த அம்மாநில மக்கள், நீதிமன்றம் அம்முறையை நீக்கியதால், அந்தச் செப்டம்பரில் ஒரே கட்சியின் வேட்பாளர்களுக்குள் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பொறுக்காமல், கட்சி பாராமல் முதல் இருவரைப் பொதுத்தேர்தலுக்கு அனுப்பும் முறையை நவம்பரில் வாக்களித்தே கொண்டுவந்தார்கள்.

தங்கள் வாக்கின்மீது இவ்வளவு உரிமை பாராட்டும் மக்களின், தவறாக ஒதுக்கப்பட்ட உறைகளைத் திறந்து எண்ணியதை வெற்றியைப் பறித்ததாக எழுதுவது, அந்த எழுநூறு பேருக்கும் இழைக்கும் அநீதி. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.